பிரிட்டனின் வயது சரிபார்ப்புச் சட்டத்தைச் சின்ன இணையக் குழுக்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

பலர் வயதைச் சரிபார்ப்பதே இல்லை. கடையைக் கட்டிவிடுகிறார்கள், அல்லது பிரிட்டனில் இருப்பவர்களை உள்ளே விடுவதில்லை, அதுவும் முடியாவிட்டால் எங்களைப் போல சில வசதிகளை எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள்.

நான் இருப்பது லெஸ்டரில். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கான ஒரு ஃபோரத்தை மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறோம், சர்வர் வாடகை கைக்காசு. நீங்கள் கேட்கும் சட்டம் 2023ஆம் ஆண்டின் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம்; அதன்படி, சட்டவிரோத உள்ளடக்கம் பற்றிய ஆபத்து மதிப்பீட்டை 2025 மார்ச் 16க்குள் முடிக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பயங்கரவாதம், ஆள்கடத்தல், ஆயுத விற்பனை என்று ஒவ்வொன்றும் எங்கள் தளத்தில் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுதினோம். அங்கே நடக்கிற பேச்சு, கப்பி மீனுக்கு வால் அழுகினால் என்ன மருந்து என்பதுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஆபாசத்தையோ, தற்கொலை, உணவுக் கோளாறு போன்றவற்றைத் தூண்டும் விஷயங்களையோ அனுமதிக்கும் தளங்களுக்குத்தான் 2025 ஜூலை 25 முதல் கடுமையான வயது சரிபார்ப்பு. அதையெல்லாம் தடைசெய்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் ஃபோரத்துக்குப் பொதுவாக அது வேண்டியதில்லை. பயமுறுத்துவது அபராதம்தான்: 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். எங்களிடம் அவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் வீட்டுக்கடன் கட்டுகிற ஒருவர் தன் பெயரில் அதைச் சுமக்க எப்படித் துணிவார்?

லண்டனின் எல்எஃப்ஜிஎஸ்எஸ் சைக்கிள் ஃபோரம் 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்ததற்கும் ஒற்றை ஆள் தலையில் விழும் இந்தப் பொறுப்புதான் காரணம். நல்லவேளை, பொறுப்பேற்க வேறு ஆட்கள் வந்தார்கள், தப்பித்தது. ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்களின் ஃபோரம் ஒன்று, மூடிவிட்டு உறுப்பினர்களை இன்ஸ்டாகிராமுக்கு வரச் சொன்னது. எனக்கு மனசு ஆறாதது இதுதான். பெரிய கம்பெனிகளை அடக்கப் போட்ட சட்டம் ஆட்களை அவர்களிடமே கொண்டுபோய் விடுகிறது.

நாங்கள் மூடவில்லை. தனிச்செய்தியை மட்டும் நிறுத்தினோம், ஏனென்றால் எங்கள் கண்ணில் படாத இடம் அது ஒன்றுதான். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரவர் ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மையைக் கேட்டு, அதில் எந்த மீன் பிழைக்கும் என்று பொறுமையாகத் தனிச்செய்தியில் எழுதுவார். இனிமேல் பொதுவில் எழுதுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். எல்லார் முன்னாலும் எழுத எனக்கு வராது என்றார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் வரவில்லை.