ஹெம்பா முகமூடி: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் இங்கே ஒரு கடையில் மர முகமூடி ஒன்று வாங்கினேன். காங்கோவின் ஹெம்பா மக்களுடைய ஆவி முகமூடி, 100 வருடப் பழமை, சடங்கில் ஆடியது என்றார் கடைக்காரர். கன்னத்துக்குக் கன்னம் விரிந்த அந்தச் சிரிப்பில் மயங்கிச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டேன். சுவரில் மாட்டிய பிறகு கீழே மாவு போல மரத்தூள் கொட்டுகிறது. எந்த ஊர்ப் பேயோ, இறக்கி வை என்கிறார் அம்மா. இது அசல்தானா? ஆப்பிரிக்கக் கலைப்பொருட்களைத் தொடர்ந்து சேகரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அது சிரிக்கவில்லை. காங்கோவின் தென்கிழக்கில், லுவாலாபா ஆற்றுக்குக் கிழக்கே வாழும் ஹெம்பாக்களுக்கு அந்த வாய் அருவருப்பானது. மனித முகத்தில் இருக்கக் கூடாத அளவுக்குப் பெரிய வாய். சேகரிப்பாளர்கள் ‘சோகோ முத்து’ என்று அழைக்கும் இந்த வகை பாதி சிம்பன்சி, பாதி மனிதன். குரங்கு மயிரும் தாடியும் மரவுரியும் தரித்தவர் இதை அணிந்து சாவுச் சடங்குக்கு வருவார். முதல் வருகையில் யாருக்கும் அடங்காமல் கூட்டத்துக்குள் பாய்ந்து துரத்துவார்; பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள். பிந்திய வருகையில் அதே உருவம் அடங்கித் தாளத்துக்கு ஆடும். சாவு வந்து ஊரைக் கலைத்துப் போடுவதும் ஊர் மெல்லத் தன்னை அடுக்கிக்கொள்வதும் அந்த இரண்டு வருகைக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

அம்மாவின் கேள்விக்குப் பதில் எளிது. இதே முகத்தைச் சிறியதாகச் செதுக்கி ஹெம்பாக்களே வீட்டுக்குள் காப்பாகத் தொங்கவிடுவதுண்டு. புது வீட்டில் திருஷ்டி பொம்மை கட்டுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அசலா என்ற கேள்விக்கு வருகிறேன். படத்தைப் பார்த்தே அசல் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். முகமூடியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அணிந்து ஆடிய முகமூடியில் நெற்றியும் மூக்குத்தண்டும் படும் இடங்கள் வியர்வையில் கறுத்து மழமழவென்று இருக்கும். மற்ற இடங்களில் உளித்தடம் சொரசொரப்பாகவே நிற்கும். விளிம்பில் தாடியும் நாரும் கோக்கத் துளையிட்டிருந்தால் கயிறு இழுத்த பக்கம் மட்டும் துளை தேய்ந்திருக்க வேண்டும். எல்லாத் துளைகளும் நேற்று போட்டதுபோல் கூராக இருந்தால் அதில் யாரும் எதையும் கட்டவில்லை. முகத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு நேராகத் துளை வருகிறதா? உள்ளும் புறமும் ஒரே சீரான கறுப்பு என்றால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஷூ பாலிஷும் வேலை செய்திருக்கலாம். பூச்சி அரித்த துளைகளைக் காட்டிப் பழமை பேசுவது வியாபாரிகளின் பழைய வித்தை. பூச்சிக்குப் புது மரமும் மரம்தான்.

ஆனாலும் ‘எவ்வளவு பழையது’ என்பதைவிட ‘எப்படிக் கைமாறியது’ என்ற கேள்விதான் எனக்கு முக்கியம். ஹெம்பாக்களின் முன்னோர் சிலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்களைத் தாழ்த்தி, இரு கைகளையும் வயிற்றின் பக்கங்களில் வைத்து நிற்கும் பெரியவர்கள். ஒவ்வொரு சிலையும் ஒரு குடும்பத்தின் பெயர் தெரிந்த மூதாதை. அவரை வைத்துத்தான் அந்தக் குடும்பம் தன் நிலத்துக்கு உரிமை சொன்னது. வெகுகாலம் அருங்காட்சியகங்கள் இவற்றை அண்டை இனமான லூபாக்களின் கணக்கில் எழுதிவைத்திருந்தன. 1960களின் இறுதியிலிருந்து இவை ஏராளமாக ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. 1977இல் பிரான்சுவா நேய்ட் என்ற பெல்ஜிய ஆய்வாளர் இவற்றுக்கென்றே ஒரு பெரிய நூல் வெளியிட்டார். ஹெம்பா என்ற பெயர் உலகச் சந்தையில் ஏறிய அதே காலத்தில்தான் ஹெம்பா ஊர்கள் தம் முன்னோரை இழந்துகொண்டிருந்தன. இன்று கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ‘ஆண் மூதாதை, ஹெம்பா’ என்று மட்டும் இருக்கும். யாருடைய தாத்தா என்று இருக்காது.

அரசாங்கங்களுக்கு இடையிலான கைமாற்றமும் யோக்கியமாக நடந்துவிடவில்லை. 1973இல் அப்போதைய காங்கோ அதிபர் மொபுட்டு ஐ.நா. சபையில் நின்று கலைச்செல்வங்களைத் திருப்பித் தரக் கேட்டார். (தன் நாட்டுக் கஜானாவைச் சுரண்டியவர் அவர், கேட்டது என்னவோ நியாயம்தான்.) 1976க்கும் 1982க்கும் இடையில், முன்பு காங்கோவை ஆண்ட பெல்ஜியம் தன் அருங்காட்சியகத்திலிருந்து 114 பொருட்களைக் காங்கோ தலைநகர் கின்ஷாசாவின் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. 1990களின் கலவரத்தில் அந்த அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது; அங்கிருந்து போன பொருட்களில் சில மறுபடி வெளிநாட்டுச் சந்தையில் தலைகாட்டின. ஆகவே ‘பழைய பெல்ஜியச் சேகரிப்பிலிருந்து’ என்று சீட்டு எழுதித் தந்தால் மட்டும் போதாது. யாரிடமிருந்து, எந்த ஆண்டு, ரசீது உண்டா, பழைய புகைப்படம் உண்டா என்று கேளுங்கள். முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

தொடங்க இடம் கேட்டீர்கள். நீங்கள் இருக்கும் ஊரைவிட வேறென்ன வேண்டும்? ம்வெங்கே சந்தைக்குப் போனால் மகோண்டே இனச் சிற்பிகள் கண்ணெதிரே கருங்காலி போலக் கறுத்த ம்பிங்கோ மரத்தைச் செதுக்குவதைப் பார்க்கலாம். ‘ஷெட்டானி’ என்று கைகால் முறுக்கிய ஆவி உருவங்கள் செய்கிறார்கள். பழங்காலத்துச் சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1950களில் சமாகி லிகாங்கோவா என்ற சிற்பி தொடங்கிவைத்த பாணி அது. அவர் கொண்டுபோன சிலை வழியில் உடைந்துவிட, உடைந்த கோலமே அழகு என்று தார் எஸ் சலாம் கடைக்காரர் முகமது பீரா அவரை ஊக்கியதாகச் சொல்வார்கள். விற்பதற்கென்றே பிறந்த கலை, ஆனால் பொய் சொல்லாத கலை. சிற்பியின் பெயரைக் கேட்டு, தேதியோடு அடியில் ஒட்டிவையுங்கள். அந்தச் சேகரிப்பை என்றைக்கும் யாரும் உங்களிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

இப்போது அவசர வேலை ஒன்று இருக்கிறது. கொட்டும் தூள் வெளிறி, புதிதாக இருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. முகமூடியைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்க வேண்டாம்; உறையின் மேல் படியும் ஈரம் காய்ந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். எண்ணெயோ வார்னிஷோ பூசாதீர்கள். அதுவரை மற்ற மரச்சாமான்களை அந்தச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.