மைனஸை எப்போது விடலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தேர்வில் 2(க−3)² = 50 என்ற சமன்பாட்டுக்கு க = 8 என்று எழுதி, பாதி மதிப்பெண்ணோடு வந்தாள். −2 விட்டுப்போயிற்றாம். அதே தாளில், 1540 கன செ.மீ. கொள்ளும் 10 செ.மீ. உயர உருளையின் ஆரம் கேட்டதற்கு 7 மட்டும் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். "அங்கேயும் வர்க்கம்தானே அம்மா?" என்கிறாள். என்ன சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மகள் கேட்டது நல்ல கேள்வி. "இந்தக் கணக்குக்கு இப்படி, அந்தக் கணக்குக்கு அப்படி" என்று சொல்லி அதை அடைத்துவிடாதீர்கள்.

க-வுக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். 3 கழிந்தது, வர்க்கமானது, 2-ஆல் பெருகியது. கடைசியாகப் போட்ட முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும். 2-ஆல் வகுத்தால் (க−3)² = 25. இந்த இடத்தில் பிள்ளைகள் அவசரப்பட்டு முதலிலேயே வர்க்கமூலம் எடுத்து, 2(க−3) = √50 என்று எழுதிவிடுகிறார்கள். வர்க்கமூலம் அந்த 2-ஐயும் சும்மா விடாது, அது √2 ஆகிவிடும். அடைப்புக்குறியை விரித்துக் காரணிப்படுத்தினாலும் விடை வரும்தான். ஆனால் வேலையும் கூடும், பிழைக்கு இடமும் கூடும்.

இப்போது எந்த எண்ணின் வர்க்கம் 25? 5, −5 இரண்டும். எனவே க−3 = 5 அல்லது க−3 = −5. அதாவது க = 8 அல்லது −2. −2-ஐப் போட்டுப் பார்க்கட்டும்: −2−3 = −5, வர்க்கம் 25, இருமடங்கு 50. எண்கோட்டில் இன்னும் பளிச்சென்று தெரியும். 3-இலிருந்து 5 அலகு தள்ளியிருக்கும் புள்ளி எது என்பதே கேள்வி. வலப்பக்கம் 8, இடப்பக்கம் −2.

ஆனால் √25 = ±5 என்று எழுதிப் பழக வேண்டாம். √ குறி 5-ஐ மட்டுமே குறிக்கும். ± வருவது, ஒரே வர்க்கத்துக்கு இரண்டு எண்கள் உரிமை கொண்டாடுவதால்.

உருளைக்கு வருவோம். 22/7 × ஆரம்² × 10 = 1540. 7-ஆல் பெருக்கி 220-ஆல் வகுத்தால் ஆரம்² = 49. இங்கும் 7, −7 இரண்டுமே தீர்வுகள். −7-ஐ வெளியேற்றுவது "ஆரம்" என்ற சொல். நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது. இதை ஒரு வரியாக எழுதிவிட்டு −7-ஐ அடிப்பதே முறை, பேசாமல் விடுவது அல்ல.

அதற்காக மிகை எண் வந்தாலே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 12ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கரரின் 'பீஜகணிதம்' என்ற நூலில் ஒரு குரங்குக் கணக்கு உண்டு. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3 கழித்து, அதன் வர்க்கம் குகைக்குள் போயிற்று. ஒரு குரங்கு மட்டும் கிளையில் தெரிகிறது. மொத்தம் எத்தனை? (க/5 − 3)² + 1 = க. விரித்துச் சுருக்கினால் க² − 55க + 250 = 0, விடை 50 அல்லது 5. இரண்டும் மிகை எண்கள், இரண்டும் சமன்பாட்டில் பொருந்துகின்றன. பாஸ்கரர் 5-ஐ ஏற்கவில்லை. 5-இல் ஐந்தில் ஒரு பங்கு ஒரே குரங்கு; அதிலிருந்து 3 குரங்குகளை எப்படிக் கழிப்பது?