ஹட்டனிலிருந்து பின்லாந்தின் யுவாஸ்கிலா வரும் தம்பிக்கு

தம்பி, மூன்று விஷயம் கேட்டிருந்தீங்க. குளிர், வீட்டு வாடகை, பென்னிங் பொறியில் (அயன்களைக் காந்த, மின் புலங்களால் பிடித்து வைத்துத் திணிவை அளக்கும் கருவி) அளவுதிருத்தத்துக்கு வைக்கும் அயன் மூலம். ஜக்கெட்டை ஊரில் வாங்காதீங்க, இங்கே வந்து வாங்குங்க. வாடகைக்கு மாணவர் விடுதிக்கு இப்பவே எழுதிப் போடுங்க. மற்றதுதான் நான் பேச வேண்டியது.

மூலத்தை வெறுங்கையால் தொடாதீங்க. வியர்வையில் சோடியமும் பொற்றாசியமும் இருக்கு; சூடேறினதும் அவையும் அயனாகித் திணிவெண் 23லும் 39லும் வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது சீசியம்-133. நான் முதலில் சேர்ந்த ஆய்வுகூடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. கேள்வி கேட்டால் குறைவாக நினைப்பாங்க என்று நம்ம ஆட்களே புதியவருக்குப் புத்தி சொல்றாங்க. அது பெரிய கெடுதல். பேராதனையில் படித்த பௌதிகவியல் யாருக்கும் குறைந்ததில்லை, தைரியமாகக் கேளுங்க.

மூலத்தில் நுண்துளை டங்ஸ்டன் மேலுள்ள, சீசியம் கலந்த சிலிக்கேற்றுப் பூச்சை ஏறக்குறைய 1000 பாகை செல்சியசுக்குக் கொண்டுபோகணும். சூடாக்கும் மின்னோட்டத்தைக் கடிகாரம் பார்த்து ஏற்றாதீங்க, வெற்றிடமானியைப் பார்த்து ஏற்றுங்க. அழுத்தம் ஒரு மில்லிபாரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அப்படியே நிறுத்தி, இறங்கும்வரை காத்திருங்க. அடுப்பு அனல் திடீரெனக் கூடினால் தேயிலை மேலே காய்ந்து உள்ளே ஈரம் அடைபடும், தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குத் தெரியும். இங்கே அடைபட்ட ஈரம் பூச்சை வெடிக்க வைத்து உதிர்த்துவிடும்.

அயன் நிறைய வருதே என்று சந்தோஷப்படவும் கூடாது. காந்தப்புலத்தில் அயன் சுற்றும் மீடிறனை வைத்துத்தான் திணிவைக் கணக்கிடுறோம்; பொறிக்குள் அவை ஒன்றையொன்று தள்ளி அந்த மீடிறனை நகர்த்திவிடும். 7 டெஸ்லாவில் சீசியத்தின் மீடிறன் சுமார் 809 கிலோஹேர்ட்ஸ். பத்துக் கோடியில் ஒரு பங்கு துல்லியம் என்றால் 0.008 ஹேர்ட்ஸ் பிசகும் கணக்கில் வரும். ஒரு தடவை அளக்க ஓரிரு அயன் போதும். காந்தப்புலம் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், அளக்கும் கருவுக்கு முன்னும் பின்னும் சீசியத்தை அளந்து இடைப்பட்ட நேரத்துக்குக் கணக்கிடுங்க. அட்டவணையில் இருப்பது முழு அணுவின் திணிவு, ஓர் இலத்திரனைக் கழிக்க மறக்காதீங்க.

சீசியம் போல ஒப்பிட வைக்கும் குறிப்புத் திணிவும் அளக்கும் திணிவும் தூரமானால் பிழை கூடும். அதற்குத்தான் காபன் அணுக்கள் பல சேர்ந்த காபன் கொத்துகள். திணிவலகே காபன்-12இல்தான் நிற்குது. கொத்துகள் 12க்கு 12 இடைவெளியில் வருவதால் எந்தக் கருவுக்கும் 6 அலகுக்குள் ஒன்று கிடைக்கும். கொத்துகளை உண்டாக்கக் கண்ணாடிக் காபன் தகட்டில் அடிக்கும் லேசர் ஒரே இடத்தில் பட்டால் குழி விழுந்து அயன் குறையும், தகட்டைச் சுழற்றிக்கொண்டே இருங்க. பத்துக் காபன் அணு சேர்ந்த கொத்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குள் ஓர் அலகு கூடிய காபன்-13 இருக்கும், அதன் திணிவு 121 ஆகிவிடும். 121ஐ வெளியே தள்ளிவிட்டுத்தான் 120ஐ அளக்கணும்.