நாய் பார்க்கிறது, பூனை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது

கேள்வி: எங்கள் வீட்டு நாய்க்கு நான்கு வயது. எப்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பூனையை எடுத்து வந்தோம். பாசத்தோடு அதன் கண்ணைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சில நேரம் எழுந்தே போய்விடுகிறது. விரல் நீட்டிக் காட்டினாலும் கண்டுகொள்வதில்லை. அதற்கு என்னைப் பிடிக்கவில்லையா?

பதில்: பாவம், அது மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறது. கண்கொட்டாமல் பார்ப்பது பூனைகளுக்குள் மிரட்டல். எதிரெதிரே வரும் இரண்டு பூனைகளைக் கவனித்திருப்பீர்கள்: ஒன்று முறைக்கும், மற்றது எங்கோ பார்ப்பதுபோல் தலையைத் திருப்பும். ‘சண்டை வேண்டாம்’ என்பதே அதன் பொருள். நீங்கள் பாசத்தைக் கூட்டக் கூட்ட அதற்குக் கலவரம்தான் கூடுகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். பூனை ஓய்வாக இருக்கும்போது இரண்டு மீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். தூக்கம் வருவதுபோல் கண்களைச் சுருக்கி, மெதுவாக மூடித் திறந்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். கையை நீட்ட வேண்டாம். பிரிட்டனின் சஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இப்படி இமைத்தவர்களைப் பார்த்துப் பூனைகளும் கண்களைச் சுருக்கின. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தபோது வந்ததைவிட இமைத்தபோது அதிகமாக அருகில் வந்தன. உங்கள் பூனை முதல் நாளே பதில் சொல்லாமல் போகலாம். வால் நுனி வெடுக்வெடுக்கென்று ஆடினாலோ காதுகள் பின்னால் படிந்தாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு கண்ணை மட்டும் சுருக்கியபடியே இருந்தால், அல்லது கண்ணில் நீர் வடிந்தால், அது பாசமில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரல் காட்டுவது பூனைக்குப் புரியாது என்பதும் சரியில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளித்துவைத்த உணவைக் கைகாட்டியதும் நாய்களைப் போலவே பூனைகளும் கண்டுபிடித்தன. எடுக்கவே முடியாதபடி உணவை மாட்டிவைத்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. நாய், ‘எடுத்துக் கொடேன்’ என்று மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. பூனை பெரும்பாலும் தானே மல்லுக்கட்டியது. மூக்குக்கு நேர் கீழே நீங்கள் போடும் தீனியை அது தேடித் தடுமாறுவதற்குக் காரணம் வேறு: மிக அருகில் உள்ள பொருள் பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. தரையில் விரலால் தட்டி ஒலி எழுப்புங்கள், வந்துவிடும்.

நாயின் கதை வேறு. ஜப்பானில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நாயும் அதை வளர்ப்பவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டபோது இருவர் உடலிலும், பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. அதற்காக எல்லா நாயின் கண்ணையும் உற்றுப் பார்த்துவிடாதீர்கள். உடல் விறைத்து, வாய் மூடி, தீனித் தட்டின் மேல் குனிந்தபடி கண்ணின் வெண்மை தெரியப் பார்க்கும் நாய், விலகிப் போகச் சொல்கிறது. நாயின் கண் மட்டத்தில் முகம் இருக்கும் சிறு குழந்தைகளை இதில் தனியே கவனிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: அந்த நாய் பூனையை எப்படிப் பார்க்கிறது? விளையாட்டு ஆசையில் வெறித்தாலும் பூனைக்கு அது மிரட்டலாகத்தான் படும். அப்படிப் பார்க்கும்போது நாயின் பெயரைச் சொல்லி அழையுங்கள். பூனையை விட்டு உங்களைப் பார்த்த அந்தக் கணமே ஒரு துண்டு தீனி கொடுங்கள். பூனை ஏறி உட்கார, நாய்க்கு எட்டாத உயரத்தில் ஓர் இடம் இருக்கட்டும். எழுந்து போகும் பூனை ஒருவேளை உங்களிடமிருந்து விலகிப் போகவில்லை. உங்கள் காலடியில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து போகிறது.