பால் கறக்கும் பிள்ளைக்கு ஓமோன் பாடமா கஷ்டம்?

விசுவமடுவிலிருந்து எழுதிய அக்காவுக்கு,

உயிரியலில் ஓமோன் அலகுக்கு மகள் 28 புள்ளிதான் எடுத்தாள், கலைப் பிரிவுக்கு மாற்றிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றவேண்டாம். கொப்பியின் படத்தையும் அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. இடப்பக்கம் சுரப்பி, வலப்பக்கம் ஓமோன், நடுவில் ஒரு கோடு. இப்படிப் பெயர்களை மட்டும் பாடமாக்கினால் எந்தப் பிள்ளைக்கும் குழம்பும். நானும் அந்த வயதில் அதே அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்தவன்தான்; அதைப் பல்லிதான் படித்தது.

வீட்டில் இரண்டு மாடு நிற்கிறது, விடிய அவள்தான் கறக்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். சரி, அங்கேயே தொடங்கலாம். கன்று மடியை முட்டினதும் நரம்பு வழியே செய்தி மூளையிலுள்ள பரிவகக்கீழுக்குப் போகும். அங்கே உருவாகி, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் பின்பகுதியில் சேர்ந்திருக்கும் ஒட்சிடோசின் என்ற ஓமோன் இரத்தத்தில் கலந்து மடிக்கு வரும், சுரப்பு விடும், அதாவது மடியிலுள்ள பால் காம்புக்கு இறங்கும். அதன் வேலை சில நிமிடங்கள்தான். கறக்கத் தொடங்கினால் இடையில் எழும்பாதே என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். நாய் பாய்ந்து குரைத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்கிறதே, அது அதிரீனல் சுரப்பியின் வேலை. அது விடும் அதிரினலின் என்ற ஓமோன் மடியின் இரத்தக் குழாய்களை ஒடுக்கிவிடும், ஒட்சிடோசின் போய்ச் சேராது. பாலை உண்டாக்கத் தூண்டுவது வேறொன்று: கபச்சுரப்பியின் முன்பகுதியிலிருந்து வரும் புரோலக்ரின். கொட்டிலில் நின்று ஒருநாள் இதை யோசித்தாளென்றால் இரண்டு பெயரும் பிறகு குழம்பாது.

கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்கு அடுப்படிக்குப் போகச் சொல்லுங்கள். உப்புப் பைக்கற்றில் அயடீன் என்று போட்டிருக்கும். அது இல்லாமல் அந்தச் சுரப்பியின் ஓமோனான தைரொட்சின் உருவாகாது, குறைந்தால் கழுத்தில் கழலை வரும். இன்சுலின் சுரக்கும் சதையியை விளங்க வீட்டில் யாருடைய சீனி வருத்தமாவது போதும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பௌதிகவியல் கஷ்டம், விவசாய விஞ்ஞானம் எடுக்கட்டா என்று அவள் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். எடுக்கலாம். ஆனால் மருத்துவமும் பேராதனையில் கால்நடை மருத்துவமும் படிக்கப் பௌதிகவியல் வேண்டும். அந்த இரண்டு கதவும் அன்றே மூடிவிடும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கு விவசாய விஞ்ஞானத்தோடும் போகலாம். அங்கே விலங்கு விஞ்ஞானத் துறையும் உண்டு, மாட்டின் இனப்பெருக்கம், பாலுற்பத்தி எல்லாம் இதே ஓமோன் பாடம்தான். வன்னியில் மாடு வளர்க்காத ஊர் எது? படித்தவளுக்கு வேலையும் இங்கேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு தவணை பௌதிகவியலோடு முயன்று பார்க்கட்டும். முல்லைத்தீவுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது, அதை மறக்கவேண்டாம்.

டொக்டர், டொக்டர் என்று வீட்டில் சொல்வதை மட்டும் கொஞ்சம் குறையுங்கள் அக்கா. அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பென்சில் கேள்வியை அவளே என்னிடம் கேட்கட்டும்.