மார்ச் மாதத்துக் கொள்கைகள்

அன்புள்ள ஐயா,

நாடாளுமன்றம் கூடினால் பதாகை, கோஷம், வெளிநடப்பு. 2014-லிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆளுங்கட்சி மேல் எனக்கும் ஆயிரம் குறை உண்டு. ஆனால் ‘சரி, நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் காங்கிரஸிடம் பதில் இல்லையே. எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி எதற்கு?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

உங்கள் எரிச்சலில் பாதி எனக்கும் உண்டு. மற்ற பாதியில் ஒரு திருத்தம். எதிர்ப்பதும் வேலைதான். 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது, வாக்குகளை எண்ணுங்கள் என்று கத்தியவர்களிடம் மாற்றுத் திட்டம் கேட்டிருக்க முடியாது. எண்ணச் சொன்னதே அன்றைக்குப் போதுமான வேலை.

பதிலே இல்லை என்பதும் சரியில்லை. இருந்தது, வந்த தேதியைத்தான் பார்க்க வேண்டும். 2019 மார்ச் 25 அன்று ராகுல் காந்தி ‘நியாய்’ திட்டத்தை அறிவித்தார். நாட்டின் பரம ஏழைகளான 5 கோடிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், 3.6 லட்சம் கோடி. முதல் கட்ட வாக்குப்பதிவு ஏப்ரல் 11. நடுவில் இருந்தது 17 நாள். முதல் நாள், மாத வருமானம் 12,000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை அரசு நிரப்பும் என்கிற மாதிரி பேச்சு. மறுநாளே கட்சியின் செய்தித் தொடர்பாளர் வந்து, அப்படியில்லை, எல்லாருக்கும் ஒரே தொகை என்றார். முகூர்த்தத் தேதியை அச்சடித்துவிட்டு மாப்பிள்ளை யார் என்று விசாரித்த கதை.

அந்த ஏப்ரலில் எங்கள் தெருவுக்கு நோட்டீஸோடு வந்த கட்சிக்காரரிடம், இந்த 72,000 யாருக்குக் கிடைக்கும், எந்தப் பட்டியலை வைத்துத் தருவீர்கள் என்று கேட்டேன். நல்ல மனிதர். நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கேட்டுச் சொல்றேன் சார்” என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

52 இடங்களோடு தேர்தல் முடிந்தது, நியாயும் முடிந்தது. அடுத்த 5 ஆண்டுகளில் அதற்காக ஒரு தெருமுனைக் கூட்டம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. 2024-இல், மறுபடியும் மார்ச்சில், ‘மகாலட்சுமி’ திட்டம் வந்தது. இப்போது ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு ஆண்டுக்கு 1 லட்சம். பழைய கணக்கில் என்ன தப்பு, புதுக் கணக்கு எப்படி வந்தது என்று யாரும் நம்மை உட்கார வைத்துச் சொல்லவில்லை.

என் புகார் இதுதான். இவர்களுக்குக் கொள்கை மார்ச் மாதத்தில் மட்டும் பிறக்கிறது. பிரிட்டனில் ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிர்வரிசையில் ஒரு நிழல் அமைச்சர் உண்டு. இங்கே, விவசாயத்துக்கு எதிர்க்கட்சியில் யார் பொறுப்பு என்று உங்களால் சொல்ல முடியுமா? எனக்குத் தெரியாது. போதிய இடங்கள் இல்லாததால் 2014 முதல் 2024 வரை மக்களவையில் சபாநாயகர் அங்கீகரித்த எதிர்க்கட்சித் தலைவர் என்று யாரும் இல்லை, உண்மைதான். ஆனால் கட்சிக்குள் ஆளுக்கொரு துறையைப் பிரித்துக்கொடுத்து அதையே படிக்கச் சொல்வதற்கு எந்த சபாநாயகரின் அனுமதி வேண்டும்?

ஆள் பலம் இல்லாமலும் செய்யலாம். 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவுக்கான, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்கான பிற்பகல், பாதிப் பேர் ஊருக்குப் பெட்டி கட்டும் நேரம். திமுகவின் திருச்சி சிவா, மாற்றுப் பாலினத்தவர் உரிமை மசோதாவோடு நின்றார். அரசே சட்டம் கொண்டுவரும், திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டார். சிவா மசியவில்லை. மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா தேறியது 36 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். மக்களவையைத் தாண்டவில்லை என்றாலும், அரசு 2016-இல் தன் மசோதாவைக் கொண்டுவந்தது, 2019-இல் அது சட்டமானது. ஆனால் சிவா கேட்ட 2 சதவீத இடஒதுக்கீட்டை விட்டுவிட்டார்கள்.

அந்த 2015-இல் மக்களவையில் திமுகவுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.