சைக்கிள் மாறினால் என்னென்ன மாறும்? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

2023ஆம் ஆண்டின் சைக்கிள் பந்தயங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் புல் பிப்ரவரியில் சைக்ளோகிராஸ் (சேறு, புல் பாதையில் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயம்) உலகச் சாம்பியன். ஏப்ரலில் பாரிஸ்-ரூபே கற்சாலைப் பந்தயத்தை வெல்கிறார். ஆகஸ்ட் 6 அன்று சாலைப் பந்தயத்தில் உலகச் சாம்பியன். ஆறே நாள் கழித்து மலைப்பாதைப் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே விழுந்து வெளியேறிவிட்டார். இப்படி வகைக்கு வகை சைக்கிள் மாற்றி ஓட்டுவது எப்படி? எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர், “டயரை மாத்துறாங்க, அவ்வளவுதான்” என்கிறார். சைக்ளோகிராஸ் டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள் என்றேன். “காத்து கம்மியா இருந்தா பஞ்சர்தான் ஆகும்” என்று சிரித்தார். கொஞ்சம் விளக்குங்கள்.

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஊர்க் கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. முதலில் அந்தப் பாதியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் காற்றுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்று வையுங்கள். பின் சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 50 கிலோ விழும். டயரில் 5 பார் (காற்றழுத்தத்தின் அலகு) காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 10 சதுர சென்டிமீட்டர். 1.5 பாராகக் குறைத்தால் அதே எடைக்குச் சுமார் 33 சதுர சென்டிமீட்டர், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். ஈரப் புல்லிலும் சேற்றிலும் பிடிப்பு கிடைப்பது இதனால்தான். சைக்ளோகிராஸில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அகலத்தைக் கூட்ட வழியில்லாததால் காற்றைக் குறைக்கிறார்கள். 1.2 முதல் 1.8 பார் வரை, தரையைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

பஞ்சர் ஆகாதா? நம் வீட்டுச் சைக்கிளில் கட்டாயம் ஆகும். டயர் நசுங்கி, ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கொத்தியதுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருக்கும். சைக்ளோகிராஸில் பெரும்பாலோர் டியூபுலர் டயர் போடுவது இதைத் தவிர்க்கத்தான். டயரையும் டியூபையும் ஒன்றாகத் தைத்து, ரிம்மின் மேல் பசையால் ஒட்டிவிடுவார்கள். அந்த ரிம்முக்குக் கூரான விளிம்பே கிடையாது. அப்படியே காற்று போனாலும் டயர் கழன்று ஓடாது, மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

வேலை பிடிப்பது பசைதான். ரிம்மில் இரண்டு மூன்று பூச்சு, டயரின் அடித்துணியிலும் அப்படியே. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும். கடைசிப் பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும்போது ஏற்றிவிட்டு ஒரு நாளாவது சும்மா விட வேண்டும். அவசரப்பட்டால், காற்றுக் குறைந்த டயர் வளைவில் பக்கவாட்டில் இழுபடும்போது ரிம்மைவிட்டு உரிந்துவிடும். பந்தயத்துக்குப் பந்தயம் உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவும்போது பசைக்குள் ஈரம் இறங்கியும் உரியும்.

சரியான காற்றைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. கொஞ்சம் கூடுதலாக அடித்துக்கொண்டு பாதையில் ஒரு சுற்றுப் போவார்கள். பிறகு 0.1 பார், 0.1 பாராகக் குறைப்பார்கள். சுற்றுக்கு ஒருமுறை ஏதாவது வேரிலோ கல்லிலோ ரிம் லேசாகத் தட்டினால் அதுதான் அளவு. அடிக்கடி தட்டினால் கொஞ்சம் ஏற்ற வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதெல்லாம் இங்கே உதவாது. நல்ல காற்றுமானி வேண்டும்.

இனி கடைக்காரர் சொல்லாமல் விட்ட பாதி. சைக்கிள் பழுதானால் என்ன செய்யலாம் என்பதில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. ஓட்டும் முறையையே அந்தச் சட்டம் மாற்றிவிடுகிறது.

சைக்ளோகிராஸில் சுற்றுக்கு இரண்டு தடவை சைக்கிள் மாற்றும் இடத்தைக் கடப்பார்கள். ஒன்றை எறிந்துவிட்டு, கழுவி வைத்த இன்னொன்றில் ஏறிக்கொள்ளலாம். சேறு அதிகமானால் அரைச் சுற்றுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். சாலைப் பந்தயத்தில் அணியின் கார் பின்னால் வரும், மாற்றுச் சைக்கிள் அதன் கூரையில் இருக்கும். கார் எட்டாத இடத்தில் பஞ்சரானால்தான் கஷ்டம். 2023 பாரிஸ்-ரூபேயில் கார்ஃபூர் தெ லாப்ர் கற்சாலையில் போட்டியாளர் வவுட் வான் ஆர்ட்டுக்கு டயர் போன இடத்தில்தான் வான் டெர் புல் தனியாகப் பிரிந்தார்.

மலைப்பாதைப் பந்தயத்தில் முழுச் சைக்கிளை மாற்றவே கூடாது, புறப்பட்ட சைக்கிளில்தான் முடிக்க வேண்டும். பஞ்சரானால் உதவிப் பகுதி வரை உருட்டிக்கொண்டு வந்து சக்கரத்தை மாற்றலாம், அவ்வளவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டாம் பிட்காக் அப்படி முன்சக்கரத்தை மாற்றிவிட்டு, விட்ட நேரத்தையெல்லாம் துரத்திப் பிடித்துத் தங்கம் வாங்கினார். ஒரு கல்லில் தவறாக இறங்கினாலும் இவ்வளவு நஷ்டம் என்பதால், மலைப்பாதை ஓட்டிகள் தரையை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

வான் டெர் புல் தடுமாறுவது இங்கேதான். டோக்கியோ ஒலிம்பிக்கில், பயிற்சியின்போது பாறைக்குக் கீழே இருந்த சாய்வுப் பலகை பந்தயத்திலும் இருக்கும் என்று நம்பி இறங்கினார். பலகையை எடுத்திருந்தார்கள். அவர் தலைகுப்புற விழுந்தார். 2023இல் உலகப் போட்டி நடந்த ஸ்காட்லாந்தின் கிளென்ட்ரெஸில் கடினமான பாறையில்கூட விழவில்லை, சரளைக்கல் வளைவு ஒன்றில் சக்கரம் வழுக்கிவிட்டது. ஆறு நாள் முன்பு கிளாஸ்கோவின் ஈரத் தெருவில் இதேபோல்தான் விழுந்தார். ஷூவின் இறுக்கும் திருகு உடைந்தது. அப்படியே எழுந்து ஓட்டி 1 நிமிடம் 37 விநாடி முன்னிலையில் வென்றார். ஒரு மணி நேரம் முழு மூச்சில் மிதிப்பது, முடுக்கிவிட்டு மறுபடி முடுக்குவது, வழுக்கும் சைக்கிளை இடுப்பால் நேராக்குவது எல்லாம் சேற்றிலிருந்து சாலைக்கு அப்படியே வரும். தரையின் ஞாபகமும் அகல டயரின் பழக்கமும் வராது. அதற்கு வாரக்கணக்கில் அந்தச் சைக்கிளிலேயே இருக்க வேண்டும், ஆறு நாள் காணாது.

13 வகை சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டிகளை 2023 ஆகஸ்ட் 3 முதல் 13 வரை ஸ்காட்லாந்தில் ஒரேயடியாக நடத்தியது அதுவே முதல் முறை. பார்ப்பவர்களுக்கு விருந்துதான். ஆனால் பல வகைகளில் ஓட்டுபவர்களுக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அந்த அநியாயத்தையும் தாண்டி ஒருவர் ஜெயித்தார். பெல்ஜியத்தின் லொட்டே கொபெக்கி. ஜூலை 30 அன்று பல நாள் சாலைப் பந்தயமான பெண்கள் டூர் தெ பிரான்ஸை இரண்டாவதாக முடித்துவிட்டு நேரே கிளாஸ்கோவின் உள்ளரங்க மரத்தடத்துக்கு வந்தார். அங்கே கடைசி ஆளை வெளியேற்றிக்கொண்டே போகும் எலிமினேஷன், புள்ளி சேர்க்கும் பாயின்ட்ஸ் இரண்டிலும் தங்கம். ஆகஸ்ட் 13 அன்று சாலைப் பந்தயத்திலும் தங்கம்.

என்னைக் கேட்டால் வான் டெர் புல் செய்ததைவிட இது அரிது. தடச் சைக்கிளில் பிரேக் கிடையாது. பின் பல்சக்கரம் அச்சோடு இறுகியிருக்கும், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலை நிறுத்தப் பார்த்தால் சைக்கிள் ஆளைத் தூக்கி எறியும். தடத்தின் சுற்றளவு 250 மீட்டர், வளைவில் 40 பாகைக்கு மேல் சாய்வு. வேகத்தைக் குறைக்க ஒன்று மிதியில் எதிர்விசை கொடுக்க வேண்டும், இல்லையேல் சரிவின் மேலே ஏற வேண்டும். சில நாள் முன்புவரை பிரேக்கில் விரல் வைத்துப் பழகியவர், விரலுக்கு வேலையில்லாத இந்தக் கூட்டத்துக்குள் நுழைகிறார்.

ஆண் பெண் இருபாலிலும் சேர்த்துப் பார்த்தால், ஒரே ஆண்டில் சைக்ளோகிராஸ், சாலை இரண்டிலும் உலகப் பட்டம் வென்ற முதல் ஆள் வான் டெர் புல் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் மரியானே வோஸ் அதை 2006, 2012, 2013 என மூன்று முறை செய்தவர். 2008 பெய்ஜிங்கில் தடத்திலும் 2012 லண்டனில் சாலையிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்.

அடுத்த ஆண்டைத் தொடர்ந்து பார்க்க, வழக்கமான வரிசை இது: செப்டம்பரில் தொடங்கும் சைக்ளோகிராஸ் ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் உலகப் போட்டியில் உச்சத்தைத் தொடும். மார்ச், ஏப்ரல் ஒருநாள் சாலைப் பந்தயங்கள். பிறகு பல நாள் சாலைப் பந்தயங்கள்: மே மாதம் இத்தாலியின் ஜிரோ, ஜூலையில் பிரான்ஸின் டூர், ஆகஸ்ட் கடைசியில் ஸ்பெயினின் வுவெல்தா. மலைப்பாதை உலகக் கோப்பை கோடையெல்லாம் நடக்கும். தட உலகப் போட்டி பெரும்பாலும் அக்டோபரில்.

கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு முதலில் தடத்தின் எலிமினேஷனைப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கடைசி ஆள் வெளியே. கோட்டைத் தொடும்போது பார்ப்பது பின்சக்கரத்தை. முன்சக்கரம் முந்தியிருந்தும் பின்சக்கரம் பிந்தினால் போக வேண்டியதுதான். தடத்தின் அடியோரத்தில் ஓடுபவரைக் கவனியுங்கள். அதுதான் குறுகிய வழி, ஆனால் வலப்பக்கமும் முன்னாலும் ஆள் வந்துவிட்டால் அவருக்குப் பிரேக்கும் இல்லை, வெளியேற இடமும் இல்லை. கொபெக்கி அந்த இடத்துக்குள் எப்போது போகிறார், கோட்டுக்கு எத்தனை மீட்டர் முன்பே வெளியே வந்துவிடுகிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.

அன்புடன்